பன்னிரண்டு பிள்ளையாருக்குச் செய்த பெட்டி

ஆணி அடிக்காமல் அலமாரி செய்ய முடியுமா என்று யாராவது கேட்டால், முடியும் என்று சொல்வேன். அது நிற்குமா என்பது வேறு கேள்வி. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம் முழுக்க இந்த இரண்டு கேள்விகளுக்கும் இடையில்தான் குடித்தனம் நடத்தினேன்.

அப்போது நாங்கள் செங்கல்பட்டில் ஒரு வாடகை வீட்டின் கீழ்ப் பகுதியில் இருந்தோம். மாடியில் வீட்டுக்காரர். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வாடகை பேசிய அன்று தண்ணீர், கரண்ட், குப்பை எல்லாவற்றையும் இரண்டு வரியில் முடித்துவிட்டுச் சுவரைப் பற்றி மட்டும் கால் மணி நேரம் பேசினார்.

"இன்னா வேணா பண்ணிக்கோ சார். செவுத்துல ஆணி மட்டும் அடிக்காத. என் பி.எஃப். பணம் பூரா அந்தச் செவுத்துக்குள்ளதான் கீது."

அதனால் எங்கள் வீட்டில் தினசரிக் காலண்டர் ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கியது. கண்ணாடி, குழாய்க்கு மேல் சாய்ந்து நின்றது. சாமி படங்கள் ஒரு ஸ்டூலின்மேல் நெருக்கியடித்து, குரூப் போட்டோ எடுக்கக் காத்திருப்பதுபோல் உட்கார்ந்திருந்தன. எனக்கும் என் மனைவிக்கும் இது போதுமானதாக இருந்தது. அவள் பள்ளி ஆசிரியை. நான் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் குமாஸ்தா. எங்களுக்குக் குழந்தை இல்லை. ஆகவே குழந்தை வளர்ப்பு பற்றி நான் ஏராளமாகப் படித்து வைத்திருந்தேன்.

இந்த நிலையில்தான் என் தங்கை மகள் எங்களோடு இருக்க வந்தாள். அவளுக்கு ஏழு வயது. அவள் அப்பா மஞ்சள் காமாலையில் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. என் தங்கை நர்ஸ். வளைகுடாவில் ஒரு ஆஸ்பத்திரியில் இரண்டு வருட ஒப்பந்தத்துக்கு வேலை கிடைத்தது. முதல் வருடம் முடிந்ததும் ஒரு மாதம் லீவு என்றார்கள். ஜூன் மாதம் முதல் வாரத்தில் மகளை எங்களிடம் விட்டுவிட்டு விமானம் ஏறிப் போனாள்.

வீட்டின் சிறிய அறையைக் குழந்தைக்கு ஒதுக்கினோம். அதுவரை அங்கே என் புத்தகங்கள் இருந்தன. அவற்றைக் கட்டிலுக்கடியில் அடுக்கினேன். தியாகம் என்ற சொல்லின் பொருள் எனக்கு அன்றுதான் புரிந்தது. இரண்டு நாள் கழித்து, குழந்தையைப் பார்த்தபோது, எனக்கு ஒன்றும் புரியவில்லை என்பதும் புரிந்தது.

அவளிடம் ஒரு நீல நிற ரெக்ஸின் பை இருந்தது. அவளுடைய உலகம் முழுக்க அதற்குள் இருந்தது. காலையில் பையைத் திறந்து பிரஷ்ஷை எடுப்பாள், பல் தேய்த்து, ஈரத்தைத் துடைத்து மறுபடி பைக்குள் வைப்பாள். கொடியில் காய்ந்த கவுனை மடித்து பைக்குள் வைப்பாள். சீப்பு, ரிப்பன், கலர் பென்சில், ஒரு காது பிய்ந்த துணி முயல், எல்லாம் எடுத்த வேலை முடிந்ததும் பைக்குள் போய்விடும். பிறகு ஜிப்பை இழுத்து மூடுவாள். அறையில் அவளுடையது என்று ஒரு ஹேர்பின்கூடக் கிடையாது. லாட்ஜில் ஒரு ராத்திரி தங்குகிறவன்கூடத் துண்டை நாற்காலியில் போடுவான்.

வெள்ளிக்கிழமைகளில் மாடி வீட்டு போனுக்கு என் தங்கை பேசுவாள். வீட்டுக்காரரின் மனைவி பால்கனியிலிருந்து "ஃபாரின் காலு!" என்று தெருவுக்கே அறிவிப்பார். நாங்கள் மூவரும் படியேறி ஓடுவோம். முதலில் குழந்தை, பிறகு என் மனைவி, மிச்சம் இருக்கும் அரை நிமிஷம் எனக்கு. அந்த அரை நிமிஷத்தில் என் தங்கை ஒன்றே ஒன்றுதான் கேட்பாள்.

"பையப் பிரிச்சு வெச்சுட்டாளாண்ணா?"

"வெச்சுட்டா, வெச்சுட்டா. ரூம் பூரா அவ சாமான்தான்."

"நெஜமாவா? அவ பையப் பிரிக்கலன்னா அங்க இல்லண்ணா. என்ன ஏத்திவுட்ட எடத்துலயே நின்னுகிட்டிருக்கான்னு அர்த்தம்."

இரண்டாயிரம் மைல் தள்ளியிருந்து ஒருத்தி இவ்வளவு சரியாகச் சொன்னால், பொய் சொன்னவனுக்கு ஒரே வழிதான் உண்டு. பொய்யை உண்மையாக்கிவிடுவது. குழந்தை ஆசைப்பட்டுப் பொருட்களை வெளியே எடுத்து வைக்கும்படி ஒரு இடம் செய்து கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். செலவில்லாமல். ஆணியில்லாமல். என் இரண்டு கைகளால். கடைசி நிபந்தனையைக் கேட்டதும் என் மனைவி கொஞ்சம் கவலைப்பட்டாள்.

என்னிடம் ஒரு பெண்கள் பத்திரிகையிலிருந்து கிழித்து வைத்த பக்கம் இருந்தது. வீட்டிலுள்ள கழிவுப் பொருட்களைக்கொண்டு குழந்தைகள் அறையை ஒழுங்குபடுத்துவது எப்படி என்பது விஷயம். அதன்படி முதலில் ஒரு பழைய நூல் புடவையில் வரிசையாகப் பைகள் தைத்து ஜன்னலின் திரைக் கம்பியில் தொங்கவிட்டோம். தைத்தது என் மனைவி. திட்டமிட்டது நான். குழந்தை வந்து பார்த்தாள். "நல்லா கீது மாமா" என்றாள். வந்த மூன்றே வாரத்தில் மாடி வீட்டுப் பேச்சு அவளுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. பைகளில் ஒன்றும் வைக்கவில்லை. பலத்தைச் சோதிக்கலாம் என்று நான் ஒரு தமிழ் அகராதியை ஒரு பையில் வைத்தேன். கம்பி, திரை, புடவை, அகராதி எல்லாம் சேர்ந்து கீழே வந்தன. மாடியிலிருந்து குரல் வந்தது.

"சார்! செவுரா?"

"இல்ல சார், அகராதி!"

அடுத்து, நான்கு ஹாலோ பிளாக் கற்களும் மரவாடியில் மீந்த இரண்டு பலகைகளும். கல், அதன்மேல் பலகை, மறுபடி கல், மறுபடி பலகை. சுவரைத் தொடாமல் தானே நின்றது. நான் செய்ததில் இன்றுவரை விழாமல் நின்றது இதுவும் என் திருமணமும்தான். குழந்தை அதில் எதையும் வைக்கவில்லை. காலியாகக் கிடக்கிறதே என்று கட்டிலுக்கடியிலிருந்து நாலைந்து புத்தகங்களை எடுத்து வைத்தேன். மறுநாள் இன்னும் பத்து.

"கொழந்தைக்குன்னு சொல்லி உங்களுக்கே ஷெல்ஃப் பண்ணிக்கிட்டீங்க" என்றாள் மனைவி.

மூன்றாவது, சதுரங்கப்பட்டினத்திலிருந்து வேலைக்கு வரும் சக ஊழியர் கொடுத்த தெர்மகோல் பெட்டி. பொம்மை வைக்க ஏற்றது, எடையே இல்லை என்றார். அதில் முன்பு மீன் இருந்தது என்பதையும் சொன்னார். சோப்பு, எலுமிச்சை, மஞ்சள் எல்லாம் போட்டு ஏழு தரம் கழுவினேன். எனக்கு வாசனை போய்விட்டது. தெருவிலிருந்த பூனைகளுக்குப் போகவில்லை. மூன்று நாள் அவை ஜன்னலுக்கு வெளியே வரிசையாக உட்கார்ந்து, கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருப்பவர்கள்போல எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன்.

அலுவலக வேலையாக மாமல்லபுரம் போன ஒரு நாள்தான் அந்தப் பெட்டி கண்ணில் பட்டது. சிற்பக் கூடம் ஒன்றின் வாசலில் வெயிலில் கிடந்தது. சிலைகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் பேக்கிங் பெட்டி. மெல்லிய பலகையில் செய்து உள்ளே பன்னிரண்டு அறைகளாகத் தடுத்திருந்தார்கள். ஒவ்வொரு அறையிலும் கொஞ்சம் வைக்கோல் ஒட்டிக்கொண்டிருந்தது. நிமிர்த்தி வைத்தால் அப்படியே குழந்தைக்கான அலமாரி. பெட்டி செய்பவரிடம் விசாரித்தேன்.

"மாவுக்கல்லுல பன்னெண்டு புள்ளையாருக்கு செஞ்சது சார். அளவுல அர இஞ்ச் உட்டுட்டாங்க. தொப்ப இடிக்குது. ஒருத்தரு உள்ள மாட்டிகினு ஒரு நாள் பூரா வரல. வெளிய எடுக்கறதுக்குள்ள பேஜாராப் பூட்ச்சு. நீ எத்துகினு போ."

திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் அதை மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு வந்தேன். பெட்டி என் முகத்தை மறைத்தது. கண்டக்டர் ஒரு அறை வழியாக எட்டிப் பார்த்து, "இன்னா அண்ணாத்த, பொறாக் கூண்டா? உள்ள நீ கீறியே" என்றார். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு வழியில்லை.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் துடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அறை வாசலில் தரையில் வைத்தேன். கீழ் வரிசையில் குழந்தையின் ஸ்கூல் ஷூவை வைத்துப் பார்த்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. அப்போது மனைவி வந்தாள். பெட்டியின் வரலாற்றைப் பெருமையோடு சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"புள்ளையார் இருந்த பெட்டியில செருப்பா?"

"ஷூ."

"ரெண்டும் ஒண்ணுதான். எடுங்க அத மொதல்ல."

"அது இன்னும் கண் தொறக்காத சிலைம்மா. கண் தொறக்கற வரைக்கும் வெறும் கல்லு. அதுவும் இந்தப் பெட்டி புள்ளையாருக்கே பத்தல."

"உக்காந்து பாத்தாரு இல்ல?"

இதற்கு எந்தச் சாத்திரத்திலும் பதில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. மனைவி பெட்டியை மஞ்சள் தண்ணீரால் துடைத்து, மேல் பலகையின் நடுவில் ஒரு குங்குமப் பொட்டு வைத்தாள். பிறகு என் புத்தகங்களைக் கீழே இறக்கிவிட்டு ஹாலோ பிளாக் அலமாரியின் மேல்தட்டில் அதை நிறுத்தினாள். இதையெல்லாம் குழந்தை ரெக்ஸின் பையின்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரு கேள்வி கேட்டாள்.

"சாமி இருந்த எடத்துல வெச்சா எதுவும் காணாமப் போவாதா அத்த?"

"போகாது கண்ணு."

அவ்வளவுதான். குழந்தை பெட்டியை இன்னொரு தரம் பார்த்துவிட்டு விளையாடப் போய்விட்டாள். பையிலிருந்து ஒன்றும் வெளியே வரவில்லை. வெள்ளிக்கிழமை போனில் நான் வழக்கமான பொய்யைச் சொன்னேன்.

ஆனால் சில நாள் கழித்து, பெட்டியின் முதல் அறையில் ஏதோ கிடந்தது. ஒரு பென்சில் துண்டு. சீவிச் சீவி விரல் நகத்தளவுக்கு வந்துவிட்டது. பிறகு ஒரு சோப்பு உறை, கிழிந்த ரிப்பன், பஸ் டிக்கெட், ஒரு சணல் கயிறு. இரண்டாவது அறையிலும் இதே மாதிரி. அறைகளின் நெற்றியில் காலண்டரிலிருந்து கிழித்த தாள்களைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருந்தாள். நான் ஒரு முடிவுக்கு வந்தேன். பன்னிரண்டு பிள்ளையாரும் கைவிட்ட பெட்டியைக் குழந்தை குப்பைத் தொட்டியாக ஏற்றுக்கொண்டுவிட்டது. குழந்தைகள் பற்றி நான் படித்த புத்தகங்களிலேயே இருந்தது, ஒன்றைத் திணித்தால் இப்படித்தான் எதிர்ப்பைக் காட்டுவார்கள் என்று.

ஜனவரி வந்தது. போகிக்கு முதல் நாள் எனக்கு லீவு. மனைவியும் குழந்தையும் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். பழையன கழிக்கும் உற்சாகம் வருடத்தில் ஒரே நாள்தான் எனக்கு வரும். அன்று வந்தது. பழைய செய்தித்தாள், பிய்ந்த பாய், விளிம்பு உடைந்த முறம் எல்லாவற்றையும் கொல்லையில் குவித்தேன். அந்த வேகத்தில் குழந்தையின் அறைக்குள் போய் பிள்ளையார் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினேன். எட்டு அறைகளில் இருந்ததும் ஒரே குவியலாக விழுந்தது. அள்ளிக்கொண்டுபோய்க் கொல்லையில் போட்டேன். ஒட்டியிருந்த தாள்களையும் ஈரத் துணியால் துடைத்தெடுத்தேன். பெட்டி புதிதுபோல் இருந்தது. குழந்தை பார்த்தால் சந்தோஷப்படும் என்றுகூட நினைத்தேன். இதை எழுதும்போது எனக்கே நம்ப முடியவில்லை. ஆனால் நினைத்தேன்.

நாலரை மணிக்கு அவள் வந்தாள். ஸ்கூல் பையை இறக்கி வைத்தாள். பெட்டியைப் பார்த்தாள்.

"மாமா, இதுல இருந்தது?"

"குப்பைதானம்மா. நாளைக்கு போகி இல்ல? கொளுத்தறதுக்குப் போட்டுட்டேன்."

அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழுதால் எனக்குச் சமாதானம் சொல்லத் தெரியும், இல்லையென்றால் கடலைமிட்டாயாவது வாங்கிக் கொடுக்கத் தெரியும். அவள் அழவில்லை. நிறம் மாறிப்போன முகத்தோடு கொல்லைக்கு ஓடினாள். சீருடையோடு குவியலுக்கு முன்னால் மண்டியிட்டு, பாயை ஒதுக்கினாள், செய்தித்தாள்களை ஒவ்வொன்றாக உதறினாள். ஒவ்வொரு துண்டாகப் பாவாடையில் சேர்த்தாள்.

"அதெல்லாம் எதுக்கும்மா?"

"அம்மா பாக்காதது" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

எனக்கு விளங்கவில்லை. அவள் பெரியவர்களுக்குச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னாள். அம்மா ஊருக்குப் போனதிலிருந்து நடந்ததெல்லாம் அம்மாவுக்குத் தெரியாது. போனில் பேச நேரமில்லை. சாப்பிட்டியா, படிச்சியா என்பதற்குள் கட்டாகிவிடும். அதனால் பெட்டி வரும்வரை பைக்குள் சேர்த்து வைத்திருந்தாள், வந்த பிறகு மாதத்துக்கு ஓர் அறை. அந்த மாதத்தில் தீர்ந்துபோனது, கிழிந்தது, விழுந்தது எல்லாம் அதில் இருக்கும். அம்மா லீவில் வந்ததும் ஜூனிலிருந்து ஆரம்பித்து வரிசையாகக் காட்டிவிடலாம். பன்னிரண்டு அறை, பன்னிரண்டு மாதம். "நீங்க சரியா எண்ணி வாங்கியாந்தீங்கன்னு நெனச்சேன் மாமா" என்றாள்.

பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்த் தரையில் கொட்டினாள். நான் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கலவையிலிருந்து அவள் ஒவ்வொன்றாக எடுத்தாள். இந்தப் பென்சில் ஜூலை, இது செப்டம்பர், இந்த டிக்கெட் திருக்கழுக்குன்றம் மலை ஏறிய நாள், இந்த ரிப்பன் சுதந்திர தினத்துக்குக் கட்டியது, மழையில் சாயம் போனது. கை ஓரிடத்திலும் தயங்கவில்லை. நான் முப்பது வயதுக்கு மேல் படித்த எந்தப் புத்தகத்தின் அட்டையும் எனக்கு அப்படி நினைவில் இல்லை.

கடைசியில் சணல் கயிறுகள் மிஞ்சின. எட்டுக் கயிறுகள். எல்லாம் ஒரே நிறம், பார்வைக்கு ஒரே நீளம். இவற்றை எப்படிப் பிரிப்பாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எட்டையும் தரையில் பக்கம் பக்கமாக நீட்டி, ஒரு முனையைச் சுவரோடு சேர்த்து நேராக்கினாள். மறுமுனைகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளித் தள்ளி நின்றன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒரு நெல்லளவு.

"குட்டையா இருக்கறது ஜூன்" என்றாள்.

வந்த அன்றும் பிறகு ஒவ்வொரு மாதமும் முதல் தேதியும் சுவரில் காலை முட்டிக்கொண்டு தரையில் மல்லாந்து படுப்பாளாம். உச்சந்தலைக்கு நேரே தரையில் சாக்பீஸால் கோடு. சுவரிலிருந்து கோடுவரை ஒரு கயிறு. சுவரில் குறித்தால் மாடி வீட்டுத் தாத்தா திட்டுவார் என்பதால் தரை.

ஏழு மாதமாக அந்தக் குழந்தை என் கண்ணெதிரில் வளர்ந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. அது தரையில் நெல் நெல்லாகக் கிடந்தது.

நவம்பரில் விழுந்த பல் மட்டும் கிடைக்கவில்லை. பள்ளியிலிருந்து வந்த மனைவி விஷயம் கேட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மூவரும் கொல்லையில் குனிந்து தேடினோம். சத்தம் கேட்டு வீட்டுக்காரர் இறங்கி வந்தார்.

"இன்னா சார் தேடிகினு கீறீங்க? தங்கமா?"

"பல்லு சார்."

"யாரு பல்லு?"

விஷயத்தைச் சொன்னதும் மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் குனிந்துவிட்டார். இருட்டும்வரை தேடியும் கிடைக்கவில்லை. மறுநாள் எங்கள் வீட்டில் போகித் தீ கிடையாது என்று சொல்லிவிட்டேன். அந்தக் குவியல் இரண்டு வாரம் கொல்லையிலேயே இருந்தது. வீட்டுக்காரர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நவம்பர் அறையில் குழந்தை ஒரு சீட்டு எழுதி வைத்தாள். "பல் விழுந்தது. மாமா தொலச்சிட்டாங்க." என்னைப் பற்றி இதுவரை வந்த விமரிசனங்களில் இதைவிடச் சுருக்கமானது, நேர்மையானது எதுவும் இல்லை.

மே மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை போன் வந்தது. குழந்தை பேசினாள், மனைவி பேசினாள். என் அரை நிமிஷத்தில் என் தங்கை பையைப் பற்றிக் கேட்கவில்லை.

"லீவு கெடையாதுன்னுட்டாங்கண்ணா. ஆளு பத்தலையாம். ரெண்டு வருஷமும் முடிச்சுட்டு மொத்தமா போன்னு சொல்றாங்க. நான் எப்பிடிண்ணா அவகிட்ட சொல்றது? நீ சொல்லிடறியா?"

சொல்கிறேன் என்றேன். இறங்கி வந்து சொல்லவில்லை. ராத்திரி சொல்லலாம் என்று நினைத்தேன், பிறகு காலையில் என்று நினைத்தேன். காலையில் நான் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தபோது குழந்தை வந்து எதிரே நின்றாள்.

"மாமா, இன்னொரு பொட்டி வேணும்."

"எதுக்கும்மா?"

"பன்னெண்டும் ரொம்பிடுச்சு. நேத்து அம்மா லீவப் பத்தியே பேசல. நீங்களும் பேசல."

அன்று சனிக்கிழமை. இருவரும் பஸ் ஏறி மாமல்லபுரம் போனோம். வழியெல்லாம் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து ஏரியையும் மலையையும் பார்த்துக்கொண்டு வந்தாள். நான் சொல்ல வேண்டியதை அவளே முடித்துவிட்டதால் எனக்கு வேலையில்லை. பெட்டிக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"வா சார். இன்னாத்துக்கு இந்தப் பக்கம்? ஓ, பாப்பாவா மொதலாளி?"

யானைகளுக்குச் செய்து, ஆர்டர் ரத்தான ஒரு பெட்டியைக் காட்டினார். நல்ல பலகை, முன்னதைவிட உறுதி. குழந்தை விரலை வைத்து அறைகளை எண்ணினாள்.

"பதினாறு இருக்கு."

"பதினாறுதான் பாப்பா. நாலு எச்சாவே கீதே. உனக்கு லாபம்."

"வேணாம். பன்னெண்டு போதும்."

"எச்சா இருந்தா இன்னா? எதுனா வெச்சிக்கயேன்."

"நாலு அதிகமா இருந்தா அம்மா நாலு மாசம் அதிகமா இருந்துடுவாங்க."

பெட்டிக்காரர் என்னைப் பார்த்தார். நான் இரண்டே வரியில் சொன்னேன். சுற்றிலும் உளிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் தேடி நான்கு துண்டுப் பலகை எடுத்து வந்து, கடைசி நான்கு அறைகளின் வாயை அளந்து, அறுத்து, ஒவ்வொன்றாக வைத்து மூடினார். ஆணி அடித்தார். அடித்து முடித்ததும் குழந்தை ஒவ்வொரு பலகையையும் நகத்தால் நெம்பிப் பார்த்தாள். ஒன்று லேசாக ஆடியது. "இது" என்று காட்டினாள். அவர் அதற்கு மட்டும் இன்னும் இரண்டு ஆணி அடித்தார். கூடுதல் இடம் எப்படிச் செய்வது என்று ஒரு வருடமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தவன், இருக்கும் இடத்தை மூடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் அதைவிடக் கெட்டியான தச்சுவேலையை நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள். "இதுல யாரு இருந்தாங்க?"

"யானை."

யோசித்துவிட்டு அதற்கும் ஒரு பொட்டு வைத்தாள்.

இரண்டாவது பெட்டியை முதல் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தியதும், குழந்தை ரெக்ஸின் பையை அலமாரிக்கு முன்னால் இழுத்துப் போட்டாள். ஜிப்பைக் கடைசிவரை திறந்தாள். கவுன்களை எடுத்துக் கீழ்த்தட்டில் அடுக்கினாள். சீப்பு, கண்ணாடிக்குப் பக்கத்தில். பிரஷ், குழாயடியில் எங்கள் பிரஷ்களோடு. முயல், தலையணைமேல். வழியில் இருந்த என் புத்தகங்களை ஒரு கையால் தள்ளிவிட்டாள்.

"இன்னும் ஒரு வருஷம் பையிலயே வெச்சா எல்லாம் கசங்கிடும் மாமா" என்றாள்.

ஒரு வருடமாக நான் புடவையும் கல்லும் மீன் பெட்டியும் வைத்துக் காத்திருந்தது இதற்குத்தான். நடந்தபோது என்னால் அந்த அறையில் நிற்க முடியவில்லை. கொல்லைப்பக்கம் போய்க் குழாயைத் திறந்து முகம் கழுவிக்கொண்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை தங்கையிடம் "பையப் பிரிச்சு வெச்சுட்டா" என்றேன். "அதான் போன வருஷமே சொன்னியே" என்றாள் அவள்.

மறு வருடம் ஜூனில் என் தங்கை ஒரேயடியாகத் திரும்பி வந்தாள். டாக்ஸி வாசலில் நின்றதும் வீட்டுக்காரர் குடும்பம் பால்கனிக்கு வந்துவிட்டது. அம்மாவும் மகளும் முதலில் கொஞ்சம் கூச்சப்பட்டார்கள். என் தங்கை மகளைக் கட்டிக்கொள்ளக் குனிந்தாள், அவ்வளவு குனியத் தேவையில்லை என்பது அவளுக்குக் குனிந்த பிறகுதான் தெரிந்தது. குழந்தை அவள் கையைப் பிடித்து நேரே சிறிய அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். காபி கொண்டுவந்த என் மனைவி டம்ளரோடு வாசலில் நின்றாள். டாக்ஸி டிரைவர் இரண்டு பெரிய சூட்கேஸ்களைச் சுமந்துகொண்டு, "எங்கம்மா வெக்கிறது?" என்று பொதுவாகக் கேட்டார்.

இரண்டு பெட்டிகளுக்கும் முன்னால் அம்மாவைத் தரையில் உட்கார வைத்து, குழந்தை முதல் அறையிலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொரு பொருளையும் எடுத்து, அது என்ன, எந்தக் கிழமை, அன்று யார் என்ன சொன்னார்கள் என்று சொல்லி, அம்மா கையில் கொடுத்து, திரும்ப வாங்கி வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். என் தங்கை அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். தாங்க முடியாமல் நடுவில் கையை நீட்டி மேல் வரிசையில் இன்னொரு அறையிலிருந்து எதையோ எடுக்கப் போனாள்.

"அதத் தொடாதம்மா. அது அக்டோபர். நாம இன்னும் ஜூலையே முடிக்கல."

என் தங்கை கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.